நகுலேஸ்வரி அக்காவின் முயல்

நகுலேஸ்வரி அக்கா எந்த வாகனத்தில் இருந்து இறங்கினாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். சொந்தக் காராக இருந்தாலும் சரி, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் ஸ்டேஷனில் நிற்கிற ரயிலாக இருந்தாலும் சரி. பின்னால் இறங்க வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நிற்க, அவர் பாட்டுக்கு ஒவ்வொரு இருக்கையாகப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"என்ன அக்கா தேடுறியள்?"

"ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லை எண்டுதான் பாக்கிறன்" என்றார்.

அவரைப் போலப் பயந்த மனுஷியை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. அந்தப் பயத்தில்தான் எங்கள் பன்னிரண்டு மினிபஸ்களும் ஓடிக்கொண்டிருந்தன. சில பிள்ளைகளுக்கு நடக்க முடியாது, சில பிள்ளைகளுக்குப் பேச்சு வராது. அப்படியான பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்கு, உள்ளூர்க் கவுன்சில் கொடுத்த கொன்ட்ராக்டில், காலையில் வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளி வாசலில் இறக்குவதும் பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும்தான் எங்கள் தொழில். ஒரு பஸ்ஸுக்கு ஒரு டிரைவர், பிள்ளைகளோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு எஸ்கோர்ட். நான் கீர்த்திகா, ஏழாம் நம்பர் பஸ்ஸின் எஸ்கோர்ட். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில், பார்க்கிங் ஊரில் பஸ்கள் நிறுத்துகிற யார்டின் மூலையில் இருக்கும் எங்கள் ஒபிசில் கடதாசி வேலை பார்ப்பேன்.

இனி நான் சொல்லப்போவதில் அக்காவின் பிழை ஒன்று இருக்கிறது, என் பிழை ஒன்று இருக்கிறது. அக்காவின் பிழையை மட்டும் சொல்லிவிட்டு என்னுடையதை விழுங்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அக்கா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. பதினேழு வயதில் பாரிசுக்கு வந்தவர். வரவழைத்தவர் அவருடைய அண்ணை, தேவராசா. தகப்பன் இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயது மூத்தவர். பாரிசில் ஒரு ரெஸ்டோரண்டின் நிலக்கீழ்க் குசினியில் பதினைந்து வருடம் கோப்பை கழுவி, தங்கச்சியை வங்கிப் படிப்புப் படிக்க வைத்தார். அக்கா ஒருநாளும் பகுதிநேர வேலைக்குப் போகக்கூடாது என்று தடுத்தவரும் அவர்தான். அண்ணைக்கு முன்னால் அக்கா கதிரையில் சாய்ந்து இருந்து நான் பார்த்ததில்லை. வங்கியில் பெரிய ஆளாகி, பிறகு எங்களுக்கெல்லாம் முதலாளியான பின்னும் அப்படித்தான்.

வடக்குப் பாரிஸ் பக்கம் லா கூர்நெவ்வில் ஒரு வங்கிக் கிளையின் கவுண்டரில் தொடங்கினார். அந்தக் கிளைக்குப் பொறுப்பாக இருந்தவர் மதாம் பெர்த்தியே என்ற ஒரு பொல்லாத மனுஷி. எண்ணிக் கட்டுவதற்காகக் கொடுக்கும் நோட்டுக் கட்டுக்குள் வேண்டுமென்றே ஒரு நோட்டுக் கூடுதலாகச் செருகிவிடுவாராம். காசாளர் கண்டுபிடித்துச் சொன்னால் ஒரு தலையாட்டல். சொல்லாவிட்டால் ஒரு கிழமைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்தப் பயத்தில் அக்கா ஒவ்வொரு கட்டையும் மூன்று தரம் எண்ணினார். பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவி, இரண்டு சாவியும் இரண்டு பேரிடம். "அந்த இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காட்டி இன்னும் நல்லம்" என்று மதாம் சொல்லுவாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதைச் சிரிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டது எங்கள் எல்லோருடைய கெட்ட காலம்.

பதினொரு வருடத்தில் சிறு வியாபாரங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவுக்குத் தலைமையாக வந்துவிட்டார். பாரிசில் எங்கட சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பெல் கடைக்காரர்கள், எங்கட பிள்ளை இருக்கிறாள் என்று இனிப்புப் பெட்டியும் கையுமாக வந்து பார்த்தார்கள். அந்தப் பாச்சா அவரிடம் பலிக்கவில்லை. கோப்பில் ஒரு கடதாசி குறைந்தாலும், இனிப்புப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார். வான், பஸ் வைத்துத் தொழில் செய்கிறவர்களின் கோப்புகள்தான் அவரிடம் கூடுதலாக வந்தன. ஒரு பஸ் எத்தனை மாதத்தில் தேயும், ஒரு டிரைவர் எத்தனை மணிக்குக் களைப்பான் என்பதெல்லாம் அவர் கடதாசியைப் பார்த்தே படித்துக்கொண்டவை.

பிறகு வங்கி அவரை லண்டனுக்கு அனுப்பியது. கணவர் நிர்மலனோடும் மகள் தாரகாவோடும் குட்மேய்ஸில் வீடு வாங்கினார். ஏழு வருடம், வங்கிகள் நிறைந்த சிட்டி வட்டாரத்தில் வேலை. பிரெக்சிட் வந்ததும் அவருடைய பிரிவையே பாரிசுக்குத் திருப்பி எடுக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்றார்கள். மகள் ஏ லெவல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். அக்கா போகவில்லை. வேலையை விட்டதற்குக் கிடைத்த காசில் இரண்டு மினிபஸ் வாங்கினார். ஹை ஹீல்ஸ் போட்டு பாங்க்குக்குப் போன பொம்பிளை இனிப் பஸ் ஓட்டப் போகுதாம் என்று எங்கட சனம் வாய்க்கு வந்தபடி கதைத்தது. கதைத்தவர்களில் இரண்டு பேர் பிறகு அவரிடமே டிரைவர் வேலை கேட்டு வந்தார்கள். அக்கா லைசென்ஸை மூன்று தரம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

பஸ் தொழிலில் அக்கா பயந்தது விபத்துக்கு அல்ல. ஒரு பிள்ளை பஸ்ஸுக்குள் நித்திரையாகி, யாரும் கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பயம். அதனால் வங்கிச் சட்டத்தை பஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இறங்கிய பிறகு டிரைவர் கடைசி இருக்கை வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எஸ்கோர்ட்டும் அதே போல நடந்து போய்ப் பார்க்க வேண்டும். ஓட்டச் சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

மதாம் பெர்த்தியேயின் கூடுதல் நோட்டுக்குப் பதிலாக அக்காவிடம் ஒரு முயல் இருந்தது. மஞ்சள் துணியில் தைத்த, உள்ளங்கை அளவு முயல். ஏதாவது ஒரு காலையில், பஸ் வெளிக்கிட முதல், யாருக்கும் தெரியாமல் அதைப் பின் இருக்கைக்குக் கீழே வைத்துவிடுவார். ஓட்டம் முடிந்து டிரைவரும் எஸ்கோர்ட்டும் அந்த முயலை ஒபிசுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஒரு தலையாட்டல். கொடுக்காவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஒரு பச்சைக் கொப்பியில் எந்தத் திகதியில் எந்த பஸ்ஸில் முயல் போனது, திரும்பியதா என்று எழுதி வைப்பார். நாற்பது வயது டிரைவர்மார் ஒரு துணி முயலுக்கு நடுங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் தேவராசா அண்ணை. பாரிசில் அந்த ரெஸ்டோரண்டை மூடியதும் அக்கா அவரை லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். மனைவி தவறிய மனிதர். மகனோடு, அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து முதல் கோப்பையை எனக்கு ஊற்றுவார். நான் அந்த பஸ்ஸில் நான்கு வருடம் போனேன். ஒருநாள்கூட முயல் எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை. நான் அதைப் பெருமையாக நினைத்தேன். அண்ணையின் பஸ்ஸைச் சோதிக்கத் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன்.

போன வருடம் ஜூலை மாதம், பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூட ஒரு கிழமை இருந்த செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்தியது. அன்றைக்கு எட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களில் தர்மிகாவுக்கு எட்டு வயது, பேச்சு வராது. கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம்தான் அவளுக்குப் பிடித்த இடம். நான்தான் பெல்ட் போட்டுவிட்டேன்.

பள்ளி வாசலில் நின்றதும் யனுஷன் என்ற பையன் என் மேலேயே சத்தி எடுத்துவிட்டான். மற்றப் பிள்ளைகளைப் பள்ளி உதவியாட்கள் இறக்கத் தொடங்க, நான் அவனைத் தூக்கிக்கொண்டு நேர்ஸிடம் ஓடினேன். கழுவித் துடைத்து அவனை ஒப்படைத்துவிட்டு வர எட்டு நிமிடம் இருக்கும். நான் வரும்போது பஸ் கதவு சாத்தி, அண்ணை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார்.

"எல்லாரும் இறங்கிட்டினம் பிள்ளை. நான் பாத்திட்டன்" என்றார்.

சீட்டை நீட்டினார். அவருடைய கையெழுத்து அதில் இருந்தது. நான் நடந்து பின்னுக்குப் போகவில்லை. போயிருக்கலாம். பதினைந்து அடி தூரம். ஆனால் அறுபது தாண்டிய மனிதர், முதலாளியின் தமையன், நான் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகு நான் எழும்பிப் போய்த் திரும்பவும் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம்? உங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போலத்தானே? வேறு டிரைவராக இருந்தால் போயிருப்பேன். ஒரு வெள்ளைக்காரன் ஓட்டியிருந்தால் கட்டாயம் போயிருப்பேன். அண்ணைக்கு அந்த மரியாதைக் குறைவைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடையதை வைத்தேன்.

என்னை யார்டில் இறக்கிவிட்டு, அண்ணை பஸ்ஸைக் குட்மேய்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனார். எங்கள் யார்டில் பத்து பஸ்ஸுக்குத்தான் இடம். மிச்சம் இரண்டும் டிரைவர்மாரின் வீட்டுத் தெருவில் நிற்கும்.

பத்தேகாலுக்கு ஒபிஸ் போன் அடித்தது. அக்கா எடுத்தார். தர்மிகாவின் தாய் சிவகௌரி. அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அக்கா, பிள்ளை இண்டைக்கு ஏன் வரேல்லை எண்டு ஸ்கூலில இருந்து கேக்கினம். நான் பஸ்ஸில ஏத்தி விட்டனான்தானே?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குக் கையில் இருந்த கடதாசிகள் எல்லாம் வழுகிக் கீழே விழுந்தன.

"நீ பின்னுக்குப் போய்ப் பாத்தனியோ?"

"அண்ணை பாத்தவர்..."

"நான் உன்னைக் கேட்டனான்."

"இல்லை அக்கா."

அவர் ஏசவில்லை. போனில் சிவகௌரியிடம், "பிள்ளை பஸ்ஸுக்குள்ள இருக்கலாம். குட்மேய்ஸில நிக்குது, நான் உடனே போறன். இது எங்கட பிழை. நீங்களும் அங்க வாங்கோ" என்று சொல்லித் தெருவின் பெயரையும் கொடுத்தார். எங்கட பிழை என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் ஒன்றும் தெரியாதே, ஏன் இந்த மனுஷி தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறா என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது.

அண்ணையின் போன் நிறுத்தி இருந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் அவர் கோயிலுக்குப் போய்விடுவார், பூசை முடியும்வரை போனைத் திறக்கமாட்டார். மாற்றுச் சாவிகள் ஒபிசில் ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தன. அதற்கும் இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அக்காவிடம், மற்றது நிர்மலன் அண்ணையிடம். அவர் யார்டின் கடைசியில் ஒரு பஸ்ஸைக் கழுவிக்கொண்டு நின்றார். அக்கா கத்திய கத்தில் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். ஈரக் கையோடு ஒரு பொக்கெற்றைத் தடவினார், மற்றதைத் தடவினார். ஜக்கெற்றில் இருக்கிறது என்றார். ஜக்கெற் காரில் என்றார். அந்த இரண்டு நிமிடமும் அக்கா தன்னுடைய சாவியைத் தன் பூட்டில் போட்டுத் திருப்பிப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

காரில் ஏறியதும் என்னிடம் போனைத் தந்து, அவசர உதவிக்கு 999 அடிக்கச் சொன்னார்.

"அக்கா, முதல்ல போய்ப் பாப்பம். பிள்ளை அங்க இல்லாட்டி? பொலிசுக்குச் சொன்னா கொன்ட்ராக்ட் போயிடும்."

"அடி" என்றார்.

அடித்தேன். ஸ்பீக்கரில் அவரே பேசினார். பதற்றம் வந்தால் அக்காவின் ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சு வந்து குந்திவிடும். பிள்ளையின் வயதை ஆங்கிலத்தில் சொல்லி, தெருவின் பெயரைச் சொல்லி, "விட், விட்" என்று இரண்டு தரம் சொன்னார். கெதியாக என்று அர்த்தமாம். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு விளங்கியதோ தெரியாது, அவருடைய குரல் அவசரப்பட்டது.

லோங்பிரிட்ஜ் ரோட்டில் எங்கேயோ குழி தோண்டி, தற்காலிக சிக்னல் போட்டிருந்தார்கள். சிவப்பு. எங்களுக்கு முன்னால் ஒன்பது கார். காரின் கண்ணாடியில் வெளி வெப்பம் முப்பத்தொன்று என்று காட்டியது. பூட்டின பஸ்ஸுக்குள் அது எவ்வளவாக இருக்கும் என்று இரண்டு பேரும் யோசித்தோம். பத்து மணிக்கு முதல் அண்ணை அதை நிறுத்தியிருப்பார். அக்கா உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பஸ் அண்ணையின் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் முழு வெயிலில் நின்றது. நான் ஓடிப்போய் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சுட்டது. உள்ளே ஒருவரும் இல்லை. கடைசி வரிசை வெறுமையாக இருந்தது, பெல்ட் கழன்று தொங்கியது.

"இல்லை அக்கா! பிள்ளை இல்லை!"

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது ஒரு நொடிதான். பஸ்ஸில் இல்லை என்றால் பிள்ளை எங்கே? பள்ளி வாசலில் இறங்கித் தெருவுக்கு நடந்துவிட்டாளா? அக்கா என்னை விலத்திவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே இருந்து வந்த சூட்டில் நான் பின்வாங்கினேன். அவர் ஏறினார். முதல் வரிசை, இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். கடைசி வரிசையில் போய் முழங்காலில் இருந்தார்.

"இஞ்ச இருக்கிறா" என்றார்.

இருக்கைக்குக் கீழே, நிழல் இருந்த அந்த ஒரு முழ இடத்தில், தர்மிகா சுருண்டு கிடந்தாள். முகம் செக்கச் செவேலென்று, தலைமயிர் தண்ணீரில் தோய்த்தது போல நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்? அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுச் சுவர் நிழலுக்கு வந்தார். நான் என் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் வர நான்கு நிமிடம் எடுத்தது. அதுவரை அக்கா அந்தப் பிள்ளையின் உள்ளங்காலைத் என் போத்தல் தண்ணீரில் நனைத்த கைகளால் தடவிக்கொண்டே இருந்தார்.

பிள்ளை தப்பிவிட்டாள். பின்னேரம் வரை ஆஸ்பத்திரியில் வைத்துச் சேலைன் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் இருபது நிமிடம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னதாகச் சிவகௌரி சொன்னார். அவர் எங்களைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. ஆஸ்பத்திரி நடையில் என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கள் எங்கட ஆக்கள் எண்டுதானே நான் பயமில்லாமல் விட்டனான்?" என்றார். அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.

கவுன்சிலில் இருந்து விசாரணைக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். பச்சைக் கொப்பியையும் கொண்டுவரச் சொன்னார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஒபிசில் நாங்கள் மூன்று பேர். நிர்மலன் அண்ணை கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினொரு பஸ்ஸுக்கும் முயல் மாறி மாறிப் போயிருந்தது. ஏழாம் நம்பருக்கு ஒரு வரிகூட இல்லை.

"நகுலா, பெப்ரவரிப் பக்கத்தில ஒரு வரி இடைவெளி கிடக்கு. ஏழு எண்டு ஒண்டு எழுதினா என்ன? முயல் திரும்பி வந்தது எண்டு. இருபத்தி நாலு பேரின்ர வேலை இது. அண்ணையும் தப்புவார்."

கீர்த்திகாவும் தப்புவாள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு அது கேட்டது. எழுதட்டும், எழுதட்டும் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. அக்கா பேனையை எடுத்தார். கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, அந்த இடைவெளிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். வங்கியில் வெறுமையான வரிகளை அப்படித்தான் அடைப்பார்களாம், பிறகு ஒருவரும் ஒன்றும் சேர்க்காமல் இருக்க.

"என்னட்டை இனிப்புப் பெட்டியோட வந்த ஆக்களை நான் திருப்பி அனுப்பினனான்" என்றார்.

விசாரணை அறையில் மரினா என்ற அதிகாரி. கடுமையான மனுஷி இல்லை, அதனால்தான் எனக்குக் கூடுதல் பயம். கொப்பியைப் பார்த்துவிட்டு, ஏழாம் நம்பர் பஸ்ஸைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டார்.

"ஒருநாளும் இல்லை" என்றார் அக்கா. "அதை ஓட்டுகிறவர் என் அண்ணை. என்னை வளர்த்தவர். அவரைச் சோதிக்க எனக்கு வெட்கமாக இருந்தது."

மரினா அதை எழுதிக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார். நானும் உள்ளதைச் சொன்னேன். மரியாதைக்காகப் பின்னுக்குப் போகவில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை என்றேன். அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று எனக்கே கேட்டது.

ஏழாம் வழியையும் வேறு மூன்று வழிகளையும் பறித்துவிட்டார்கள். மிச்சத்துக்கு ஆறு மாதக் கண்காணிப்பு. எட்டுப் பேர் வேலையை இழந்தார்கள். என்னை நான்கு கிழமை நிறுத்திவைத்து, திரும்பப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அண்ணை இனிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டக்கூடாது. அதை அவருக்கு யார் சொல்வது? கடிதம் எழுதி அனுப்பலாம் என்றார் நிர்மலன் அண்ணை. அக்கா, தானே போகிறேன் என்றார். காருக்குள் ஏறியவர் இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் வா. எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு."

அண்ணை கதவைத் திறந்தார். அந்தக் கொஞ்ச நாளில் மனிதர் பாதியாகி இருந்தார். எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். போகும்போது கதிரையைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். நான்கு வருடம் பக்கத்தில் இருந்த நான் அவர் அப்படி நடந்து பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் எப்போதும் அவர் ஸ்டியரிங்கில்தானே இருந்தார்.

அக்கா கதிரையின் நுனியில் இருந்தார். கவுன்சில் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "அண்ணை, இனி நீங்கள் பஸ் எடுக்க ஏலாது" என்றார். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அது சரி" என்றார் அண்ணை. "அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டன்."

பிறகு அவரே கேட்டார்.

"அந்த முயல் எப்பிடி இருக்கும் நகுலா? எல்லாரும் கதைக்கினம். நான் ஒருநாளும் கண்டதில்லை."

அக்கா கைப்பையைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தார். அண்ணை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு காது பிய்ந்து வேறு நிற நூலால் தைத்திருந்தது. அதைப் பெருவிரலால் நீவினார்.

"சின்னன்தான். பின்னுக்குப் போய்க் குனிஞ்சாத்தான் இது தெரியும்" என்றார். "ஒரு வருசமா என்ர முழங்கால் மடங்குதில்லை. ஏறிப் பின்னுக்குப் போக ஏலாது. முன்னுக்கு இருந்து கண்ணாடியாலதான் பாக்கிறனான். இந்தப் பிள்ளை பின்னுக்கு இருக்கிறாள்தானே, அவள் பாப்பாள் எண்ட துணிவு."

நான் தலையை நிமிர்த்தவில்லை. என்னை நம்பி அவர் பின்னுக்குப் போகவில்லை, அவரை நம்பி நான் பின்னுக்குப் போகவில்லை. எங்கள் இரண்டு பேரையும் நம்பி அக்கா முயல் வைக்கப் போகவில்லை.

"அண்ணை, நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது? நீ என்னை ஒண்டும் கேக்கிறேல்லையே." அண்ணையின் குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "மற்ற எல்லாற்ற பஸ்ஸிலயும் வைச்சனி. எனக்கு ஏன் வைக்கேல்லை?"

அக்கா திறந்து கிடந்த கைப்பையை மூடினார்.

"வைச்சிருந்தா எனக்கு அது கிடைச்சிருக்காது. ஒபிசுக்கு வெறுங்கையோட வந்திருப்பன். உன்னட்டை ஏச்சு வாங்கியிருப்பன்" என்றார் அண்ணை. முயலைத் தங்கச்சியின் மடியில் வைத்தார். "ஏச்சுத்தானே நகுலா? வாங்கிக்கொண்டு வீட்டை வந்திருப்பன்."